பெண்ணைப் பெண்தான்

பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும்,
கண்ணியம் குறையாமல்.
சட்டத்தில் ஒரே ஒரு வரி.
அந்த வரிதான் ஞாயிற்றுக்கிழமையும்
என்னை வீட்டிலிருந்து அழைத்து வரும்.

டாங் வாங்கி பாலாய், பின்கட்டு,
ஜன்னலில்லாத அறை.
மேசை, பாரம், கையுறைப் பெட்டி.
லாரியில் வந்த பெண்கள் பதினொரு பேர்
சுவரோரம் குந்தியிருந்தார்கள்.
பணியில் பெண் நான் ஒருத்தி.
கோப்ரல் கனகேஸ்.
முழுப் பெயருக்குச் சட்டையில் இடமில்லை.

பைகளில் ஒரே மாதிரிப் பொருள்கள்:
ஈரத் துண்டு, உப்புப் பொட்டலம்,
கோடாலித் தைலம், பாதி கடித்த கறிபாஃப்.
உப்பு எதற்கு என்று நான் கேட்பதில்லை.
கண்ணீர்ப்புகை திரும்பி அடிக்கும்போது
எங்கள் ஆட்களும் நாக்கில் வைத்துக்கொள்வது அதுதான்.

ஏழாவது ஆள், மங்களேஸ்வரி
அனாக் பெரெம்புவான் ராக்கப்பன்.
நாற்பத்தேழு. மேரு, கையுறைத் தொழிற்சாலை.
மலாயில் கேட்டேன், மலாயில் சொன்னாள்.
கலைந்து போகச் சொன்னது கேட்டதா?
கேட்டது. மூன்று தடவை.
பிறகு ஏன் போகவில்லை?
அதற்கு மட்டும் தமிழுக்கு மாறினாள்:
"எந்தப் பக்கம்னு சொல்லலியே.
மஸ்ஜிட் ஜமேக் பக்கம் நீங்க.
பாலத்துப் பக்கமும் நீங்க.
ரயில் கேட்டைச் சாத்தியாச்சு.
மிச்சம் ஆறுதான். எனக்கு நீச்சல் தெரியாது."

பாரத்தில் அதற்குக் கட்டமில்லை.

கைகளைத் தூக்கச் சொன்னேன்.
காலர் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டி.
என் விரல்களுக்கு வழி தெரியும்.
முகத்தைப் பார்க்காமலிருக்கக்
கண்களும் பழகிவிட்டன.

அடுத்தது தாலி.
இந்த இடத்தில்தான் அழுவார்கள்;
குரலைத் தாழ்த்திக்கொண்டு தயாரானேன்.
தலைவழியே உருவி மேசையில் போட்டாள்.
"நாலு தடவ அடகுக்குப் போயிட்டு வந்தது.
உங்க அலமாரியிலயும் ஒரு ராத்திரி இருக்கட்டும்.
கொக்கி மட்டும் லூசு, பாத்து."
மஞ்சள் நிறச் சங்கிலி, ஒன்று, என்று எழுதினேன்.
"தங்கம்னு எழுதுங்க."
உரசிப் பார்க்காமல் எழுத முடியாது.
"எங்க பேருக்கு முன்னாடி
சந்தேகப் பேர்வழின்னு போட்டிருக்கே,
அதை எதுல உரசினீங்க?"
நான் பேனா மூடியைத் தேடினேன்.
பேனாவின் பின்னாலேயே இருந்தது.

திடீரென்று என் வலது கையைப் பிடித்தாள்.
அது கூடாது. அவளுக்கும் தெரியும்.
"ஓட்டை. ஆள்காட்டி விரல் நுனியில.
ஊதிப் பாத்துல்ல போடணும்?
பதினாறு வருசமா இதான் என் வேலை."
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு,
"இது எங்க கம்பெனி இல்ல"
என்றாள், கொஞ்சம் கர்வமாகவே.
வேறு மாட்டலாமென்றால் பெட்டி காலி.

முன்கையில் பேனாவால் ஓர் எண்,
வழக்கறிஞருடையது.
பதினொரு கைகளிலும் அதே எண்தான்.
இவளுடையது வியர்வையில் கரைந்து
நீல ஈரமாய்க் கிடந்தது.
லாக்காப்புக்குள் எழுத்து எதுவும் போகக்கூடாது,
சோப்பு வைத்திருக்கிறேன்,
என்று இன்ஸ்பெக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

கடைசிக்கு முந்தைய இலக்கம்
ஒன்றா, ஏழா?
எட்டாவது பெண் சுவரோரத்திலிருந்து
கையை லேசாகத் திருப்பிக் காட்டினாள்.
ஏழு.

சோப்பின் உறையை நான் பிரிக்கவில்லை.
பேனா அரசாங்கத்துடையது.
"கூசுது" என்றாள் மங்களேஸ்வரி,
அசையாமல் நின்றபடி.

ஊதாச் சட்டை கொடுத்தேன், அவளுக்குப் பெரிது.
கைநீளம் முழங்கையைத் தாண்டித் தொங்கியது.
அதுவும் நல்லதுதான்.
அடுத்து, என்றேன்.

விடியற்காலை, செந்தூல் வீட்டில்
பழைய சோற்றைப் பிசையும்போது பார்த்தேன்:
விரல் நுனியில்
குண்டூசித் தலையளவு நீலம்.

செவ்வாய்க்கிழமை புதுப் பெட்டி வந்தது.
நூறு கையுறை.
ஒவ்வொன்றாய் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எட்டிப் பார்த்த சார்ஜன் ரஸ்லான்
யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்.